அப்பாவின் லாரிக்கு வேகம் வந்தபோது

என் அப்பா துறைமுகத்தில் டக் ஓட்டியவர். டக் என்பது, பெரிய கப்பல்களை முட்டித் தள்ளியும் கயிறு கட்டி இழுத்தும் கரை மேடையில் கொண்டுவந்து சேர்க்கிற குட்டிப் படகு. வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீரில் கிடந்த மனிதர், ஓய்வு பெற்ற பிறகு லாரி டிரைவர் ஆகிவிட்டார். நிஜ லாரி இல்லை. அண்ணன் எங்களிடம் விட்டுப்போன கேமிங் லேப்டாப்பில், ஐரோப்பா முழுக்கச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடுகிற விளையாட்டு லாரி.

அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். கல்லூரியில் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கிய லேப்டாப் அது. கப்பல் வேலை கிடைத்ததும் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, இதை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனான். பொத்தான்களுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, "கல்யாண மண்டபம் மாதிரில்லா இருக்கு" என்று முதலில் அப்பா சிரித்தார். உள்ளே ஒரு லாரி நிற்பதைக் கண்ட பிறகு சிரிப்பு நின்றது.

அவர் விளையாடுவதைப் பார்க்க வேண்டும். காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார். ஆள் நடமாட்டமே இல்லாத ஜெர்மன் முச்சந்தியிலும் சிவப்பு விளக்குக்கு நிற்பார். திரும்புவதற்கு ஒரு பர்லாங்குக்கு முன்பே இண்டிகேட்டர் போடுவார். குறுக்கே வருகிற கார்க்காரனை, "ஏலே, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று தூத்துக்குடித் தமிழில் திட்டுவார். அந்த ஜெர்மன்காரன் பதில் சொன்னதில்லை.

"இந்தா இருக்க மாப்பிள்ளையூரணி வரைக்கும் போய் தங்கச்சியைப் பாத்துட்டு வாங்கன்னா இடுப்பு வலிக்கி. ஜெர்மனிக்குப் போனா மட்டும் வலிக்க மாட்டேங்குதோ?" என்று அம்மா கேட்பாள். ஹெட்போனுக்குள் இருப்பவருக்கு அது கேட்காது.

லேப்டாப்பில் ஒரே ஒரு குறை. மகா மெதுவு. உள்ளே இருந்தது பழைய ஹார்ட் டிஸ்க். சுழல்கிற தட்டும், அதன்மேல் ஓடுகிற முள்ளும் கொண்ட ரகம். பொத்தானை அழுத்தினால் கிர்ர் என்று ஒரு முனகல் வரும். பிறகு கடகடவென்று, டப்பாவுக்குள் யாரோ பட்டாணி உருட்டுகிற மாதிரி சத்தம். திரையில் வட்டம் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் ஒருவழியாக எழுந்த பிறகு விளையாட்டைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து அதே முனகல், அதே பட்டாணி.

அப்பாவால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. கப்பலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் டக்கின் பித்தளைக் கைப்பிடிகளை எல்லாம் துடைத்துப் பளபளக்க வைத்துவிடுவாராம். வீட்டில் பித்தளை இல்லை. ஆகவே பொத்தானை அழுத்திவிட்டு நேரே குசினிக்குப் போவார். சின்ன வெங்காயம் உரிப்பார். தேங்காய் துருவுவார். நெத்திலி ஆய்ந்து கொடுப்பார். நடுநடுவே தலையை நீட்டி, வட்டம் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்வார். அம்மாவும் அவரும் ஏதாவது பேசிக்கொண்டிருப்பது என் அறைக்கும் கேட்கும். இதையெல்லாம் நான் அப்போது பெரிதாகக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் பின்னால் வந்த பாடு வந்திருக்காது.

நான் ஏற்றுமதி இறக்குமதிச் சரக்குகளுக்குச் சுங்கக் காகிதம் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே என் கம்ப்யூட்டரும் இப்படித்தான் ஊர்ந்துகொண்டிருந்தது. ஒருநாள் ஆள் வந்து பழைய டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.எஸ்.டி. என்கிற புது ரகத்தை மாட்டிப் போனார். அதில் சுழல்கிற பாகமே கிடையாது. சீட்டுக்கட்டு அளவுக்கு ஒரு தகடு, அவ்வளவுதான். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் பறந்தது. அவர் மாட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்த நான், ஒரு பிரசவத்தைப் பார்த்தவள் தன்னை டாக்டராக நினைத்துக்கொள்வதைப் போல, எனக்கும் இந்த வேலை தெரியும் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடுத இன்ஜின்ல கை வைக்கப்படாது."

"எப்பா, இது இன்ஜின் இல்ல. எல்லாத்தையும் அப்படியே காப்பி எடுத்துத்தான் புதுசுல போடுவாங்க."

"என் லாரி உள்ளதான நிக்கி? நீ தொறக்கும்போது கீழ விழுந்துட்டா?"

எந்தப் பதிலும் எடுபடவில்லை. அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று நான் தீர்மானித்தது அந்த நிமிடம்தான். அம்மாவிடம் சொன்னதும், அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். என் அம்மா தினமும் செபமாலை சொல்கிறவள். ஆனால் இந்த மாதிரி காரியம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பாள்.

கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் போய், லேப்டாப்பின் மாடலைச் சொல்லி டிஸ்க் கேட்டேன்.

"லேப்டாப்பை இங்கன கொண்டுவாம்மா, நானே மாட்டித் தாரேன்."

"கொண்டுவர முடியாது அண்ணாச்சி. வீட்டுல அப்பாவுக்குத் தெரியக்கூடாது."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்பாவுக்குத் தெரியாம பிள்ளைங்க காதலிக்கும், பாத்திருக்கேன். டிஸ்க் மாத்துததை இப்பத்தான் பாக்கேன்." சொல்லிக்கொண்டே புது டிஸ்க்கையும், அதை வெளியிலிருந்து லேப்டாப்போடு இணைக்கிற வயரையும் எடுத்துக் கொடுத்தார். எப்படிக் காப்பி எடுக்க வேண்டும் என்று சொன்னதோடு, திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி வயரைக் கழற்றிவிட வேண்டும் என்று எச்சரித்தும் அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், கூட வேலை பார்த்த நண்பர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்காக அப்பா ஓட்டப்பிடாரம் கிளம்பினார். அவரை ஏற்றிக்கொண்ட நண்பர்களின் கார் தெருமுனை திரும்பியதும் நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். புது டிஸ்க்கை வயரில் மாட்டிக் காப்பி எடுக்க விட்டேன். பழைய டிஸ்க் இதிலும் தன் குணத்தை விடவில்லை. திரையில் பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அம்மா ஒரு கறிக்குழம்பு முழுதும் வைத்துமுடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"இன்னும் முடியலையாளா?"

"உள்ள ஐரோப்பாவே இருக்குல்லம்மா."

ஒருவழியாகக் காப்பி முடிந்தது. லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தேன். எங்கள் ஊர் உப்புக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. மூலையில் ஒரு திருகாணி துருப்பிடித்து அசைய மறுத்தது. அம்மா தன் தையல் மிஷின் எண்ணெயைக் கொண்டுவந்து ஒரு சொட்டு விட்டாள். கொஞ்ச நேரம் ஊறவைத்துத் திருகியதும் அது கிரீச்சென்று கத்திக்கொண்டே வெளியே வந்தது. பழைய ஏ.டி.எம். அட்டையை இடுக்கில் விட்டு நெம்ப, மூடி டப் டப்பென்று ஒவ்வொரு பல்லாகக் கழன்றது. ஒவ்வொரு டப்புக்கும் அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அண்ணாச்சி சொன்னபடி பேட்டரி வயரைக் கழற்றினேன். பழைய டிஸ்க்கை உருவி எடுத்தேன். அந்த நேரம் பார்த்து வெளிவாசல் கேட் கிறீச்சிட்டது.

அப்பா. முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிட்டு, ஊருக்குத் திரும்புகிற யாரோ ஒருவர் வண்டியில் தொற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

அம்மா தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் துணிகளை அள்ளி லேப்டாப்பின் மேல் போட்டாள். அடுத்த நொடி வாசலில் நின்றாள்.

"ஏங்க, குசினியில கேஸ் வாடை அடிக்கி. என்னன்னு பாருங்க."

அது நல்ல யோசனை என்று நானும் நினைத்தேன். ஆனால் அப்பா படகில் பாதுகாப்பு விதிகளைக் கரைத்துக் குடித்தவர் என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு சுவிட்சையும் தொடப்படாது! ரெண்டு பேரும் வெளிய போங்க! சன்னலைத் தொறங்க! ம், வெளிய!"

இப்படியாக நானும் அம்மாவும் எங்கள் வீட்டு முற்றத்து வெயிலில் அகதிகள் போல் நின்றோம். என் உள்ளங்கையில் திருகாணிகள். துப்பட்டாவுக்குள் பழைய டிஸ்க். எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து என்ன விஷயம் என்று கேட்க, அம்மா கொஞ்சமும் கூசாமல், "ஒண்ணுமில்ல, வெயில் காயுதோம்" என்றாள். உள்ளே அப்பா சோப்புத் தண்ணீரைக் குழாய் நெடுகத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. அதில் திருப்தி இல்லாமல், சிலிண்டரைப் பின்வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனார்.

அதுதான் சமயம். நான் முன்வாசல் வழியாக நுழைந்து, புது டிஸ்க்கை மாட்டி, பேட்டரி வயரைச் சொருகி, மூடியை அமுக்கித் திருகாணிகளை முறுக்கினேன். அப்பா சிலிண்டரோடு திரும்பி வந்தபோது லேப்டாப் பழைய இடத்தில் அப்பாவி போல் உட்கார்ந்திருந்தது. அவசரத்தில் ஒரு திருகாணி மட்டும் மிஞ்சிவிட்டது. அதை என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வழக்கம்போல் பொத்தானை அழுத்திவிட்டு, வழக்கம்போல் எழுந்து குசினிக்கு நடந்தார். நிலைப்படியைத் தாண்டவில்லை, பின்னால் கம்ப்யூட்டர் எழுந்துவிட்ட மணிச்சத்தம். திரும்பிப் பார்த்தார். மெதுவாக வந்து உட்கார்ந்து விளையாட்டைத் திறந்தார். லாரி வந்து நின்றது. முனகல் இல்லை, பட்டாணி இல்லை.

நான் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாளா?" என்றார் அப்பா. "நேத்து ஈரத்துணி போட்டு நல்லா தொடைச்சேன்லா? அவ்வளவும் தூசி. இதுக்குப் போய் டிஸ்க்கை மாத்தணும், கிஸ்க்கை மாத்தணும்னு சொன்ன."

அதோடு விடவில்லை. நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு ஈரத்துணி வைத்தியத்தைச் சொன்னார். அவர்களில் ஒருவர் அதன்படியே தன் பேரனின் கம்ப்யூட்டரைத் துடைத்து, நன்றாக வேலை செய்வதாகப் பதிலும் சொன்னார். அதற்கு என்னிடம் இன்றுவரை விளக்கம் இல்லை.

சில நாட்கள் போயின. அப்பா போலந்தைத் தாண்டி ஹங்கேரிக்குள் நுழைந்துவிட்டார். அதுவரை ஓட்டிய நீல லாரியை விற்று, நெற்றியில் விளக்கு வரிசை வைத்த சிவப்பு லாரி வாங்கினார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். ஒருநாள் நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா குசினியிலிருந்து கூப்பிட்டாள். முன்னால் ஒரு கிண்ணம் வெங்காயம். கண்ணில் தண்ணீர், வெங்காயத்தால்தான் என்று நினைத்தேன்.

"ஏளா, அந்தப் பழசை எங்க வச்சிருக்க?"

"எந்தப் பழசு?"

"அதான், அந்தக் கடகட சாமான். திரும்ப மாட்டிரு."

"ஏம்மா? நல்லாத்தான ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது. அதான் பிரச்சினை." வெங்காயத்தை ஓங்கி வெட்டினாள். "முன்னயெல்லாம் அது முக்கி முனங்கி எந்திரிக்க வரைக்கும் உங்கப்பா எங்கூட இருப்பாரு. தேங்கா துருவுவாரு, ஊர்க்கதை பேசுவாரு. இப்ப அவரு மொகத்தைப் பாக்கணும்னா நான் அந்தப் பொட்டிக்குள்ளதான் போகணும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. அப்பா துறைமுக நண்பர்களைப் பார்க்கப் போன ஒரு காலையில், பழைய டிஸ்க்கை மறுபடியும் மாட்டினேன். கை பழகிவிட்டதால் வேலை சீக்கிரம் முடிந்தது. புது டிஸ்க்கை அம்மா வாங்கி, அலமாரியில் கல்யாணச் சேலைக்குள் சுருட்டி வைத்தாள்.

அன்று சாயங்காலம் கிர்ர், கடகட. அப்பா முகம் சுளித்தார், பெருமூச்சு விட்டார், எழுந்து குசினிக்குப் போனார். அம்மா தேங்காய் மூடியை அவர் கையில் கொடுத்தாள். அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். என் அம்மா கண்ணடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சந்தோஷம் தேங்காய் துருவி முடிகிற வரைதான். அப்பா போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் வீடே அதிர்ந்தது.

"ஏளா! என் லாரியைக் காணோம்!"

நாங்கள் ஓடினோம். திரையில் ஜெர்மனி. பழைய நீல லாரி. அப்போதுதான் எனக்கு உறைத்தது: காப்பி எடுத்த அன்றோடு பழைய டிஸ்க்குக்குக் காலம் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஓட்டிய ஓட்டம், வாங்கிய சிவப்பு லாரி எல்லாமே சேலைக்குள் இருக்கிற புதியதில். இதை யோசிக்காமல் விட்ட என் மூளையை நான் சபித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பா கப்பலில் இருந்த அண்ணனுக்கு வீடியோ கால் போட்டுவிட்டார்.

"ஏலே, நீ அங்கன இருந்துக்கிட்டு என் லாரியை எடுத்தியா?"

"எப்பா, நான் வாட்ச் டூட்டி முடிஞ்சு இப்பத்தான் படுக்கேன். உங்க லாரி எனக்கு எதுக்கு?" அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டே விசாரித்தான். கடைசியில், "பழைய நெலமைக்குத் திரும்பிட்டா? அப்படின்னா யாரோ டிஸ்க்கை மாத்தியிருக்காங்க. அங்கன தங்கச்சி நிக்காளா? அவ மூஞ்சியைப் பாருங்க" என்றான்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. லேப்டாப்பை மூடிக் கவிழ்த்தார். ஒவ்வொரு திருகாணியாக விரலால் தடவிக்கொண்டே வந்தவர், வெறும் ஓட்டையில் நிறுத்தினார்.

"கேஸ் வாடை அடிச்ச அன்னைக்கா?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். "அன்னைக்கு வேகமா ஓடணும்னு மாத்துனோம். இன்னைக்கு மெதுவா ஓடணும்னு மாத்துனோம்."

"மெதுவாவா? எதுக்கு?"

"அது வேகமா ஓடுனா நீங்க குசினிப் பக்கமே வர மாட்டேங்கிய."

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கவிழ்த்த லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தார். "இதை வாயால சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். எத்தனையோ தடவ சொன்னேன். நீங்க காதுல மாட்டியிருந்திய."

போனுக்குள் அண்ணன் சிரித்த சிரிப்பில் கப்பலே ஆடியிருக்கும். அப்பா அவனைத் துண்டித்தார். "இப்ப என் லாரி எங்க இருக்கு?"

அம்மா அலமாரியைத் திறந்து, சேலையைப் பிரித்து, டிஸ்க்கை எடுத்து நீட்டினாள். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹங்கேரியில நின்ன வண்டி பட்டுச்சேலைக்குள்ளயா கெடக்கு?"

இந்தத் தடவை அதை என்னிடம் கொடுக்கவில்லை. தானே மாட்டுவேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் வாயால் சொல்ல, அம்மா டார்ச் அடித்தாள். கழற்றிய திருகாணிகளை, அவை எந்த ஓட்டையிலிருந்து வந்தனவோ அதே வரிசையில் ஒரு தட்டில் அடுக்கினார். நான் பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்த ஒன்றையும் வாங்கி அதன் இடத்தில் வைத்தார். சிவப்பு லாரி திரும்ப வந்தது.

அம்மா நகரவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மடியில் பீன்ஸோடு உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் போனதும் லாரிக்குள் யாரோ கொட்டாவி விட்ட சத்தம் கேட்டது.

"அது யாரு?"

"நான்தான். அதாவது டிரைவர். இத்தனை மணி நேரம் ஓட்டுனா நிறுத்தி ஓய்வெடுக்கணும்னு அங்கன சட்டம்."

"நல்ல சட்டம். எந்திரிங்க. உள்ள சாளை மீன் கெடக்கு, ஆயணும்."

அப்பா லாரியைச் சாலையோரம் கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்திவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. அந்த விளையாட்டில் ஒரு பொத்தானைத் தட்டினால், டிரைவரின் முழுத் தூக்கமும் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அம்மாவுக்கு அது தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். ஒருநாள் மீன் ஆய்ந்துவிட்டு வந்து அவர் அந்தப் பொத்தானைத் தட்டுவதை நான் பார்த்துவிட்டேன். உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினார். விரலில் மீன் செதில் ஒட்டியிருந்தது.

பிறகு ஒரு மத்தியானம் அம்மா கேட்டாள், "இது ரோமாபுரிக்குப் போவுமா?"

போகும் என்றார் அப்பா. தக்காளி லோடு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆல்ப்ஸ் மலைச் சுரங்கங்களைக் கடந்து, இத்தாலியின் பாதி நீளத்துக்கு இறங்கினார். அம்மா குசினிக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ரோம் என்று பலகை வந்ததும் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். லாரி சுற்றுச்சாலையை விட்டு இறங்கி, ஒரு பெரிய சரக்குக் கிட்டங்கியின் முன்னால் போய் நின்றது.

"பாப்பரசர் பேராலயம் எங்க?"

"லாரி அங்கன போவாதுளா."

"எறங்கி நடந்து போவோம்."

"எறங்க முடியாது. இதுல கதவு தொறக்காது."

"கதவு தொறக்காத வண்டியில எதுக்கு என்னை இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திய?"

அப்பா தக்காளியை இறக்கிவிட்டு, வெறும் லாரியைத் திருப்பி, எந்த வேலையும் இல்லாத ஒரு தெருவுக்குள் விட்டார். ஒரு வளைவில் தூரத்து மரங்களுக்கு மேலாக, வெள்ளையாக, உருண்டையாக, குவிமாடம் மாதிரி ஏதோ ஒன்று எழும்பி நின்றது.

"அந்தா! அதானங்க?" அம்மா எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அது எண்ணெய்த் தொட்டி. பக்கவாட்டில் ஏணி தெரிந்தது. எங்கள் துறைமுகத்தில் அந்த மாதிரித் தொட்டிகளைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அப்பாவோ அவற்றின் அடியிலேயே காலம் கழித்தவர். நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் லாரியை ஓரமாக நிறுத்தினார்.

"ஆமாளா, அதான்" என்றார் அப்பா. "நல்லா வேண்டிக்கோ. இங்கன ரொம்ப நேரம் நிக்க விட மாட்டான்."